கொலுசுப் பட்டறைக் கணக்கரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கல்யாணம், காதுகுத்து, பொங்கல் என்று சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் எல்லாம் என்னைக் கேட்கிற கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. சினிமா, பாட்டு, கிரிக்கெட், சாப்பாடு, கடைசியில் "ஏன் இன்னும் சேலத்திலேயே இருக்கிறீர்கள்?" சென்னையில் வேலை பார்க்கும் தங்கை மகன்தான், "மாமா, ஒரு தடவை எழுதி வைத்துவிடுங்கள், யார் கேட்டாலும் நீட்டிவிடலாம்" என்றான். எழுதிவிட்டேன். வரிசையெல்லாம் பார்க்கவில்லை.

முழுப் படம் ஒன்றையாவது உட்கார்ந்து பார்த்தது உண்டா?

உண்டு, ஆனால் குறைவு. இந்தக் கெட்ட பெயருக்குக் காரணம் என் அப்பா. அவர் தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். முதல் ஆட்டம் நடக்கும்போது அம்மா சோற்றுத் தூக்கைக் கொடுத்து அனுப்புவார். அப்பா படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் பக்கவாட்டுக் கதவின் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எப்போதும் இடைவேளைக்கு முந்தைய 20 நிமிடம்தான். படம் 50 நாள் ஓடினால் 50 நாளும் அதே 20 நிமிடம்.

வில்லன் ஏன் கோபப்பட்டான், கடைசியில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த 20 நிமிடத்தை என்னைப் போலப் பார்த்தவர் ஊரில் இருந்திருக்க மாட்டார். ஒரு படத்தில் கல்யாணப் பந்தல் காட்சி. மாப்பிள்ளை தாலியைத் தூக்கி எறிவார், எல்லோரும் அலறுவார்கள். பின்வரிசையில் நின்ற ஒரு பாட்டி மட்டும் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருப்பார். முதல் வாரம் யாருக்கும் அது தெரியவில்லை. நான் போய்ச் சொன்ன பிறகு, டார்ச் அடிப்பவரும் சைக்கிள் ஸ்டாண்டுக்காரரும் அந்தக் கொட்டாவிக்காகவே உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தக் கதாநாயகன் முகம் எனக்கு மறந்துவிட்டது, பாட்டியின் முகம் மறக்கவில்லை.

சேலத்துக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் கோடம்பாக்கம்தானே?

இதைக் கேட்பது என் மச்சான். வடபழனியில் வீடு வாங்கிய நாளிலிருந்து சினிமாவையே அவர்தான் கண்டுபிடித்த மாதிரி பேசுவார். அவரை ஒவ்வொரு தடவையும் ஏற்காடு சாலையில் இருக்கும் அந்த வளைவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல் வளைவு. வளைவு மட்டும்தான் மிச்சம்.

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜவுளிப் படிப்பு முடித்துவிட்டு வந்து, 1935இல் தொடங்கிய நிறுவனம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே தயாராயின. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) இந்த ஊர்த் தயாரிப்பு. தமிழின் முதல் முழு நீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இந்த ஊர்த் தயாரிப்பு. மு. கருணாநிதி வசனம் எழுதியது, கண்ணதாசன் வேலை பார்த்தது எல்லாம் இந்த வளைவுக்கு உள்ளேதான். மச்சான் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இப்ப என்ன இருக்கு?" என்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாங்க டீ சாப்பிடலாம் என்று கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

எனக்கு அந்தக் கம்பெனிப் படங்களில் தீராத ஆச்சரியம் 'மந்திரி குமாரி' (1950). எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் தொடங்க, சுந்தரம் முடித்த படம். அதில் ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய 'வாராய் நீ வாராய்' பாட்டைக் கேட்டால் என்ன தோன்றும்? புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி காற்று வாங்கப் போகிறது என்றுதானே? அவன் அவளை மலை உச்சியிலிருந்து தள்ளிவிடக் கூட்டிக்கொண்டு போகிறான். அவள் அதைப் புரிந்துகொண்டு, சாகும் முன் உங்களை ஒரு முறை வலம் வருகிறேன் என்று சொல்லிப் பின்னால் போய் அவனைத் தள்ளிவிடுகிறாள். குண்டலகேசிக் கதை. எங்கள் பட்டறையில் ஒரு தம்பி, நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு அந்தப் பாட்டைக் காலர் ட்யூனாக வைத்திருந்தான். பெண் வீட்டார் ஒவ்வொரு தடவை அழைக்கும்போதும் அது பாடும். ஒரு மாதம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் பெண்ணின் தாத்தா ஒருநாள் போன் பண்ணினார். அவர் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவர்.

பழைய பாட்டு மட்டும்தான் கேட்பீர்களா?

நான் எங்கே கேட்கிறேன், ரேடியோ கேட்க வைக்கிறது. பட்டறையில் அலமாரிக்கு மேல் ஒரு ரேடியோ இருக்கிறது. காலையில் முதலில் வருபவர் போட வேண்டும், கடைசியாகப் போகிறவர் நிறுத்த வேண்டும். நடுவில் ஸ்டேஷனை மாற்றக் கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று தெரியவில்லை, முதலாளியே அதை மீறுவதில்லை.

பட்டறையில் பாட்டு கேட்பது வீட்டில் கேட்பது மாதிரி இருக்காது. வெள்ளியை உருக்கி, கம்பியாக இழுத்து, துண்டுகளைக் கோத்து, ஒவ்வொரு இணைப்பையும் நெருப்பு ஊதிப் பற்றவைக்க வேண்டும். அந்த நெருப்பின் இரைச்சலில் தபேலாவும் பேஸ் கிதாரும் காணாமல் போய்விடும். குரலும் புல்லாங்குழலும் வயலினும்தான் தப்பித்து வரும். பற்றவைப்பவர் அந்த ஒரு நொடிக்கு மூச்சைப் பிடித்துக்கொள்வார். அதனால் அவர் பாட்டை முழுசாகப் பாடவே முடியாது. முதல் வரியை முனகுவார், நெருப்பு, அமைதி, பிறகு மூன்றாவது வரி. நடுவில் போன வரியை எதிரில் உட்கார்ந்து சலங்கை கோக்கும் அம்மா எடுத்துக்கொள்வார். அவருக்கு எண்ணிக்கை தப்பினால் அவரும் நிறுத்திவிடுவார். நாலைந்து பேர் சேர்ந்துதான் ஒரு பாட்டு பாடி முடியும், அதுவும் யாரும் சேர்ந்து பாட வேண்டும் என்று நினைக்காமலே.

இளையராஜா பாட்டு வந்தால் மட்டும் சரணத்துக்கு முன்னால் வரும் இசைக்கு எல்லோரும் வாயால் வயலின் வாசிப்பார்கள். 1976இல் அன்னக்கிளியில் தொடங்கியவர், எங்கள் பட்டறையில் அவருக்கு இன்னும் ஷிப்ட் முடியவில்லை. புதுப் பாட்டு வராதா என்றால், வரும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதையும் யாராவது முனகிக்கொண்டிருப்பார்கள். பிடித்துத்தான் முனகுகிறார்களா என்று கேட்டால் முறைப்பார்கள்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் இலங்கை வானொலி. பி.எச். அப்துல் ஹமீத் குரல் வந்தால் அப்பா இலையில் கை வைத்தபடியே நிறுத்திவிடுவார். காற்றடித்தால் பாட்டு அலை அலையாகத் தேயும், திரும்ப வரும். இப்போது அதே பாட்டைச் சுத்தமாகக் கேட்கும்போது எனக்குத்தான் நடுவில் எதுவோ குறைகிற மாதிரி இருக்கிறது.

இயர்போன் வாங்கிக் கொடுத்தால் போடுவீர்களா?

மகள் வாங்கிக் கொடுத்தாள். டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

தியேட்டரில் பார்ப்பது நல்லதா, வீட்டில் பார்ப்பது நல்லதா?

மூன்று பேர் போய்ப் பார்க்க ஆகும் செலவில் ஒரு வாரக் காய்கறி வாங்கலாம் என்று என் மனைவி கணக்குச் சொல்வார். கணக்கெழுதுகிறவனிடமே கணக்கு. ஆனால் வீட்டில் படம் போட்டால் கேஸ் சிலிண்டர்காரர் வருவார், குக்கர் கத்தும், ஒருவர் தூங்கிவிடுவார். எனக்கு அது ஒத்துப்போகிறது, ஏனென்றால் நான் பாதிப் படத்தில் வளர்ந்தவன். என் மகளுக்குத்தான் பொறுக்காது. அவள் படம் பார்க்கும்போது மூச்சுகூட விடக்கூடாது.

போன தீபாவளிக்கு ஒரு தியேட்டருக்குப் போனோம். பெயர் வேண்டாம். இடைவேளைக்கு அப்புறம் வலது பக்க ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. யாரும் எழுந்துபோய்ச் சொல்லவில்லை. எங்கள் காலமாக இருந்தால் இந்நேரம் விசில் பறந்து, அப்பா மாதிரி யாராவது ஆபரேட்டர் அறைக்கு ஓடியிருப்பார். கடைசி வரைக்கும் வில்லன் இடது பக்கத்திலிருந்தே மிரட்டிக்கொண்டிருந்தான்.

உங்கள் ஊரில் ஏன் ரோட்டுக்கு எல்லாம் நம்பர்?

மூன்று ரோடு, நான்கு ரோடு, ஐந்து ரோடு. அத்தனை ரோடு அங்கே கூடுகிறது, அவ்வளவுதான். இரண்டு ரோடு எங்கே என்று கேட்டுச் சிரிக்காதீர்கள், அந்த நகைச்சுவையை நாங்கள் மூன்றாம் வகுப்பிலேயே முடித்துவிட்டோம். ஐந்து ரோட்டில் இப்போது இரண்டு அடுக்கு மேம்பாலம் வந்துவிட்டது. மேலே ஏறியவர்கள் சரியான இடத்தில் இறங்குவதற்குள் தனியாக ஒரு படிப்புப் படிக்க வேண்டியிருக்கிறது.

கிரிக்கெட் வீரர் நடராஜன் உங்களுக்குச் சொந்தமா?

சேலம் என்று சொன்னாலே வெளியூரில் கேட்கிற கேள்வி இது. இல்லை. அவர் ஊரான சின்னப்பம்பட்டிக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் நடுவே நல்ல தூரம் இருக்கிறது. ஆனால் 2020 டிசம்பர் முதல் 2021 ஜனவரி வரை ஊரில் எல்லோருமே சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனதே வலைப்பயிற்சியில் பந்து போட. டிசம்பர் 2ஆம் தேதி கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து டி20, ஜனவரி 15ஆம் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். பிரிஸ்பேன் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா 1988க்கு அப்புறம் டெஸ்டில் தோற்றதே கிடையாது. ஜனவரி 19ஆம் தேதி தோற்றது.

அந்த ஐந்து நாளும் எங்கள் பட்டறையில் ரேடியோ சட்டம் தளர்த்தப்பட்டது. நானும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, போனில் ஸ்கோர் மட்டும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி நாள் ரிஷப் பந்த் அடிக்க அடிக்க, பற்றவைக்கிறவர் "எவ்வளவு வேணும்ணா?" என்று கேட்பார், நான் சொல்வேன், அவர் ஒரு இணைப்புப் பற்றவைப்பார், மறுபடியும் கேட்பார். அன்றைக்குச் செய்த கொலுசுகளில் ஒன்றிரண்டு தரம் சரியில்லை என்று திரும்பி வந்தது. முதலாளி காரணம் கேட்கவில்லை, அவரும் ஸ்கோர் கேட்டவர்தான்.

எனக்குப் பிடித்தது அவர் காலடியில் போடும் யார்க்கர் கூட இல்லை. டென்னிஸ் பந்தில் ஊர் ஊராகப் போய் ஆடியவர் என்பது. எங்கள் ஊர் டென்னிஸ் பந்து ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பந்து மெதுவாக வந்தால் பக்கத்துக் காட்டுக் கிணற்றில் கிடக்கும். காலடியில் போட்டால்தான் பிழைப்பு.

ஏற்காடு பக்கத்திலேயே இருக்கிறதே, வாரா வாரம் போவீர்களா?

கடல் பக்கத்தில் இருப்பவர் வாரா வாரம் குளிக்கிறாரா? ஊரிலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. சொந்தக்காரர்கள் வந்தால் போவோம். ஏரியில் படகு, லேடிஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகள், போகிற வழியில் குரங்குக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் பறிகொடுப்பு. இதே வரிசைதான் என் கல்யாணம் ஆன புதிதில் இருந்து.

தனியாகப் போனால் சேர்வராயன் கோயில் வரைக்கும் போவேன். மலையின் உச்சி மேட்டில் குகைக்குள் இருக்கிற சாமி, குனிந்துதான் நுழைய வேண்டும். வெளியே வந்தால் மேலே கூரையே இல்லாத வெட்டவெளி, காற்று காதைப் பிய்க்கும். ஏற்காட்டில் இன்னொரு விஷயம் சொன்னால் நம்ப மாட்டார்கள். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், கடைசிக் காலத்தில் குடியிருந்தது இந்த மலையில்தான். காப்பிச் செடி 1820களிலேயே இங்கே ஏறிவிட்டது. ஆனாலும் ஏற்காடு பஸ்ஸில் இருந்து இறங்கியதும் முக்கால்வாசிப் பேர் கேட்பது டீதான்.

பஸ்ஸில் வலது பக்கம் உட்காரலாமா, இடது பக்கமா என்றும் கேட்பார்கள். வாந்தி வருகிறவர் ஜன்னல் பக்கம். மற்றவர்களுக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான், ஒரு வளைவில் கிடைக்கிற காட்சி அடுத்த வளைவில் எதிர் பக்கத்துக்காரருக்குப் போய்விடும்.

தட்டுவடை செட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

மைதானத்து ஓரத்திலோ தெருமுனையிலோ சாயங்காலம் ஆனால் ஒரு தள்ளுவண்டி நிற்கும். வாயில் ஒரே தடவையில் போடுகிற அளவுக்குச் சின்னத் தட்டுவடை. ஒன்றின் மேல் காரச் சட்னி, புதினாச் சட்னி தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையை மூடிக் கொடுப்பார்கள். கடிக்கக் கூடாது. கடித்தால் பீட்ரூட் சட்டையில். வாயை அகலத் திறந்து முழுசாக உள்ளே தள்ள வேண்டும். அந்த நேரத்தில் யாரும் பேச முடியாது, கண்ணால்தான் அடுத்த செட் கேட்க வேண்டும். போடுகிறவர் நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் சுற்றுவார், யார் எத்தனை சாப்பிட்டார்கள் என்று எழுத மாட்டார், தப்பவும் மாட்டார். எனக்கு அந்தக் கணக்கு வராது, ஒத்துக்கொள்கிறேன்.

செட் பிடிக்காதவர்களுக்கு நொறுக்கல். அதே தட்டுவடையை நொறுக்கி, வெங்காயமும் சட்னியும் போட்டுக் கிளறித் தட்டில் தருவது. சென்னையில் ஒரு கடையில் 'சேலம் செட்' என்று போட்டிருந்தார்கள் என்று தங்கை மகன் ஆசையாகக் கூட்டிக்கொண்டு போனான். தட்டுவடை உள்ளங்கை அகலம். கத்தியும் முள்கரண்டியும் கொடுத்தார்கள். வந்துவிட்டோம்.

மாம்பழம் எப்போது வரும்?

மே, ஜூன். மல்கோவா வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். "சும்மா ரெண்டு பெட்டி போட்டு விடுங்க" என்று சொல்கிறவர்கள் லாரி ஆபீஸ் வாடகையையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆடிக்கு ஏன் உங்களைப் பிடிக்கவே முடிவதில்லை?

ஆடியில் ஊரே கோட்டை மாரியம்மனுக்குப் பின்னால் போய்விடும். எனக்கு அதில் முக்கியம், குகை என்ற பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை. ஆட்கள் சாமி வேஷம் கட்டி, ஜோடித்த வண்டிகளில் ஏறி, ஊர்வலமாக வருவார்கள். சிவன், பார்வதி, கிருஷ்ணன் எல்லோரும் வருவார்கள், டிக்கெட் கிடையாது. தெரு ஓரத்தில் நிற்கிற நமக்கு ஒவ்வொரு வண்டியும் ஒரு நிமிடம்தான் கண்ணில் படும். ஒரு வருடம் சிவனாக வந்தவர் எங்கள் தெருக்காரர். வண்டி நகராமல் நின்ற இடத்தில், ஆசி வழங்கிய கையை இறக்காமலே என்னைப் பார்த்து, "தண்ணி இருக்கா?" என்று உதட்டை மட்டும் அசைத்தார். ஓடிப்போய் பாட்டில் வாங்கி வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கூட்டத்தில் முட்டி மோதி அடுத்த முனையில் பார்வதியிடம் கொடுத்தேன். பார்வதி பாதியைக் குடித்துவிட்டுத்தான் சிவனிடம் கொடுத்தார்.

பட்டறைச் சுவரில் அந்தக் கோடு எதற்கு?

புதிதாக வேலைக்குச் சேர்கிற பையன்கள் எல்லோரும் கேட்பது. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியபோது, பட்டறையில் ஒரு விவாதம். 1.89 மீட்டர் என்று செய்தியில் சொன்னார்கள். அது எவ்வளவு என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஐந்து வயதில் பஸ் ஏறி நசுங்கிய காலோடு தாண்டியது. கம்பி அளக்கிற டேப்பை எடுத்துச் சுவரில் அளந்து, சாக்பீஸில் ஒரு கோடு போட்டேன். எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அந்தக் கோட்டுக்கு மேல் இல்லை. உயரமானவன் என்று பெயர் வாங்கியவன் போய் ஒட்டி நின்றான், தலைக்கு மேல் இரண்டு விரல் இடம் இருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர், "நான் இதைக் குனிஞ்சு தாண்டுறேன்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்து வேலைக்குத் திரும்பினோம்.

டோக்கியோவில் வெள்ளி 1.86, பாரிஸில் வெண்கலம் 1.85. அந்த இரண்டு கோடும் கீழே இருக்கின்றன. வெள்ளி வாங்கியபோது எங்கள் தொழில் என்று சொல்லி ஒரு தம்பி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

போன பொங்கலுக்கு முன்னால் பட்டறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். நான் பேங்க்குக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் சுவர் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. அந்த மூலையில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் பழைய அழுக்கு மஞ்சள், அதில் மூன்று கோடு. யார் சொல்லி விட்டார் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். "ஏதோ அளவு போட்டு வெச்சிருக்கீங்க, எதுக்கு அழிக்கணும்னு விட்டுட்டேன்" என்றார் வெள்ளையடிக்கிறவர்.